மேல்தள வீட்டின் வெப்பம்: முதலில் சோலாரா, கூரைப் பணியா?

மாடக்குளத்தார் | மார்ச் 3

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட, தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட, 24 வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. அதன் சங்கத்துக்கு நான் பொருளாளர். என் வீடு மூன்றாம் மாடியில் மேற்கு மூலையில் உள்ளது. சென்ற ஏப்ரலில் ஓர் இரவு பத்து மணிக்குப் படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரமான தோசைக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது. என் தாயார் அந்த இரண்டு மாதங்களும் கூடத்துத் தரையில் ஈரத்துணியை விரித்துத்தான் படுத்தார்.

சங்க நிதியில் ஆறு லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. பொது மீட்டரில் இரு மாதங்களுக்கு ஏறக்குறைய 2,400 யூனிட் ஓடுவதால், அந்தப் பணத்தில் 10 கிலோவாட் சூரிய மின்தகடுகளை அமைத்துவிடலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மொட்டைமாடி முழுவதும் வெப்பம் தடுக்கும் பணியைச் செய்யவேண்டும் என்பது மேல்தளத்து ஆறு வீட்டாரின் கோரிக்கை. கூரை ஏறக்குறைய 6,000 சதுர அடி. மழைக்காலத்தில் இரண்டு இடங்களில் கசிவும் உண்டு. இரண்டையும் செய்யப் பணம் போதாது. எதை முதலில் செய்வது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால், இம்மாதக் கூட்டத்தில் எடுத்து வைப்பேன்.

திருச்சி கட்டுமானர் | மார்ச் 3

ஐயா, இரவு பத்து மணிக்குச் சுவர் சுட்டது என்று நீங்கள் எழுதியதிலேயே நோயின் வேர் தெரிகிறது. நண்பகலில் சதுர மீட்டர் ஒன்றுக்கு 1,000 வாட் அளவுக்கு வெயில் நேரே கூரைமேல் விழுகிறது. ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. பகலெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கமாக உமிழத் தொடங்குகிறது. ஆகவேதான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேல்தளத்து வீடு இரவு பதினொரு மணி வரை வெந்துகொண்டிருக்கிறது. ஏசி போட்டாலும் அது காற்றைத்தான் குளிர்விக்குமே தவிர, தலைக்குமேல் கிடக்கும் சுடுகல்லை அணைக்காது.

2018-இல் எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தலுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக்கூடாது. வெப்பக்காப்பு எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கடத்தும். நம் ஊர்களில் நிற்கும் பெரும்பாலான அடுக்குமாடிகள் இந்த விதிக்கு முன்பே கட்டப்பட்டவை என்பதால், விதியைச் சொல்லி யாரையும் குறை காணமுடியாது. ஆனால் எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்பதை அறிய இந்த எண் உதவும்.

இப்போது மாடியில் என்ன பதித்திருக்கிறது என்று சொல்லுங்கள். சுருக்கி என்னும் செங்கல்தூள், சுண்ணாம்புக் கலவை போட்டு, தட்டோடு என்னும் தட்டையான சுட்ட ஓடு பதித்ததா, அல்லது வெறும் சிமென்ட் பூச்சா?

மாடக்குளத்தார் | மார்ச் 4

சுருக்கியும் தட்டோடும்தான் ஐயா. ஓடுகளின் இடைப்பூச்சு பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. நிறம் செங்கல் சிவப்பிலிருந்து பாசி பிடித்துக் கறுப்பாகிவிட்டது.

மின்கணக்காளர் | மார்ச் 4

நான் கட்டடங்களின் மின்பயன்பாட்டைத் தணிக்கை செய்பவன். சோலாருக்கு நான் எதிரி அல்லன். ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு முன் ஓட்டையை அடைக்கவேண்டும் என்பதை எண்களைக் கொண்டே காட்டுகிறேன்.

பொது மீட்டரின் 2,400 யூனிட் எங்கே போகிறது என்று எவரேனும் பார்த்தீர்களா? உங்கள் அளவுள்ள குடியிருப்புகளில் நான் வழக்கமாகக் காண்பது இது. நடைபாதையிலும் படிக்கட்டிலும் பழைய 36 வாட் குழல் விளக்குகள் முப்பது இருந்தால், சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் 48 வாட் அளவு இழுக்கும். இரவில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் இரு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தாண்டும். அவற்றை 18 வாட் எல்இடி குழல்களாக மாற்றினால் 390 யூனிட்டில் முடிந்துவிடும். அடுத்தது தண்ணீர் மோட்டார். காவலர் சுவிட்சைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த பிறகு யாராவது கத்தினால்தான் மோட்டார் நிற்கும். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மட்டஉணர்வி ஒன்றை வைத்தால் இந்த இழப்பு முழுவதும் நின்றுவிடும். நிலத்தடி நீரும் மிஞ்சும்.

இந்த இரண்டையும் செய்து பயன்பாட்டை 1,450 யூனிட்டுக்குக் கொண்டுவந்தீர்களானால், நம் மாநிலத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்ற கணக்கில், உங்களுக்கு 6 கிலோவாட் போதும். பத்துக்குப் பணம் கட்டவேண்டிய தேவையே எழாது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தகடுகளை ஏழடி உயரச் சட்டத்தில் ஏற்றி நிறுத்தினால், அவை கூரைக்கு நிழலும் தரும். உங்கள் மேற்குமூலை வீட்டின் மேலேயே அவற்றை வைக்கலாம். தரையோடு ஒட்டி வைத்தால் அந்தப் பயன் குறையும். அடியில் குப்பையும் சேரும்.

வைகைக்கரை | மார்ச் 5

என் தந்தையார் காலத்து வீடு வடக்குமாசி வீதிக்கு அருகில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கட்டைக்குத்து என்போம். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை திரும்பத் துள்ளி எழும்பினால்தான் தளம் இறுகிற்று என்று கொத்தனார் ஒப்புக்கொள்வார். அந்த வீட்டில் சித்திரை மாதத்து மதியத்தில்கூட நான் தரையில் படுத்து உறங்கியிருக்கிறேன்.

கூரையின் உயரமும், முற்றமும், அந்தத் தளத்தின் தடிமனும் சேர்ந்து செய்த வேலை அது. இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினோம். முதல் கோடையிலேயே என் தாயார் மாடியறையைச் சாமான் அறையாக்கிவிட்டார்.

வாடகைக்கு இருப்பவள் | மார்ச் 5

இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் வீட்டு உரிமையாளர்கள் என்று தோன்றுவதால் என் நிலையையும் சொல்கிறேன். நான் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கூரைக்குச் செலவு செய்யவேண்டியவர் உரிமையாளர். மின்கட்டணம் கட்டுகிறவள் நான். அவருக்குச் செலவு மட்டும், எனக்கு நன்மை மட்டும் என்று இருப்பதால், மூன்று ஆண்டுகளாகக் கேட்டும் அவர் அசையவில்லை. ‘ஏசி போட்டுக்கொள்ளுங்கள் அம்மா’ என்கிறார். போட்டேன். சென்ற கோடையில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியது. அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், கொஞ்சம் கூடுதலாக ஓடியதற்குத் தொகை மிகவும் கூடிவிட்டது. நான் என் கையால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

மின்கணக்காளர் | மார்ச் 6

உண்டு அம்மா. நீங்கள் வீட்டை விட்டுப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள். பழைய மேல்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் மின்சிக்கன மோட்டார் கொண்ட விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மூன்று விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில், இந்த மாற்றத்தால் மட்டும் இரு மாதத்துக்கு 97 யூனிட் குறையும். 500-இன் விளிம்பில் நிற்கும் உங்களுக்கு இந்த 97 யூனிட்தான் அடுக்கு மாறாமல் காப்பாற்றும். 2023 ஜனவரி முதல் மேல்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால், கடையில் ஒப்பிட்டு வாங்குவதும் எளிது.

ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. ஏசியோடு விசிறியும் சுழன்றால் 26 டிகிரியிலேயே உடம்புக்கு இதமாக இருக்கும்.

திருச்சி கட்டுமானர் | மார்ச் 6

சகோதரிக்கு இன்னொன்று சொல்கிறேன். உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்டு, படுக்கையறைக்கு நேர் மேலே உள்ள இடத்தில் மட்டுமாவது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஒட்டுவதற்குச் சிறிது பசை கலந்து, இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால் ஒரு கோடையைத் தாராளமாகக் கடக்கலாம். மழையில் கரைந்துபோகும், உண்மைதான். அடுத்த மாசியில் மறுபடியும் அடிக்கவேண்டும். ஆனால் இதைவிட மலிவான மருந்து கட்டடத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடையாறுவாசி | மார்ச் 7

மதுரைக்குப் பொருந்துவது எல்லாம் சென்னைக்குப் பொருந்தாது என்பதையும் யாராவது சொல்லவேண்டும். மதுரையில் வெயில் காய்ந்த வெயில். இரவில் சன்னலைத் திறந்தால் வீடு ஆறும். எங்களுக்குக் கடற்காற்றோடு ஈரமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வறட்சிக்கும் ஈரத்துக்கும் ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் வேறு வேறு அளவு வைத்திருக்கிறது. திறக்கக்கூடிய சன்னல்களின் பரப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தளப்பரப்பில் 10 விழுக்காடு இருந்தால் போதும் என்றும், ஈர வெப்பப் பகுதியில் 16.66 விழுக்காடு வேண்டும் என்றும் அது சொல்கிறது. நகர்த்தும் கண்ணாடிச் சன்னலில் ஒரு பாதி எப்போதும் மூடியே கிடக்கும் என்பதைக் கட்டுநர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முகப்பு அழகு கெடக்கூடாது என்று எல்லா வீட்டு ஏசிகளின் வெளிப்பெட்டிகளையும் கட்டடத்தின் நடுவே உள்ள குழாய்ச் சந்துக்குள் வைத்துவிட்டார்கள். நாலடி அகலச் சந்து, ஐந்து மாடி உயரம், பத்துப் பெட்டிகள். கீழ்வீட்டின் பெட்டி ஊதிய அனலை மேல்வீட்டின் பெட்டி மூச்சாக இழுக்கிறது. ஐந்தாம் மாடிக்காரர் இரண்டு முறை கம்ப்ரசர் மாற்றிய பிறகுதான், ஒரு மெக்கானிக் மேலிருந்து எட்டிப் பார்த்து, ‘சார், இது புகைபோக்கி மாதிரி இருக்கிறது’ என்றார். பெட்டிகளை வெளிச்சுவருக்கு மாற்றிய கோடையில் அதே ஏசி, அதே அறை, அரைமணிக்குள் குளிர்ந்தது.

திருச்சி கட்டுமானர் | மார்ச் 8

மிக முக்கியமான பதிவு. இதை எல்லாச் சங்கத்தாரும் படிக்கவேண்டும்.

மாடித்தோட்டம் போட்டால் குளிருமே என்று தனிமடலில் இருவர் கேட்டிருந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கென்று முதலிலேயே வடிவமைத்த தளமானால் மிக நன்று. ஹைதராபாத்தில் 2004-இல் அப்துல் கலாம் திறந்து வைத்த இந்தியத் தொழில் கூட்டமைப்பின் (சி.ஐ.ஐ.) சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தின் கூரைத்தோட்டம் அப்படிப்பட்டது. ஆனால் ஏறிச் செல்லக்கூடிய சாதாரண மொட்டைமாடி, சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் பாரத்தை எண்ணித்தான் கட்டப்படுகிறது. ஓரடி ஆழத்துக்கு ஈரமண் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஏறும். பதினெட்டு வயதான தளத்தில், அதுவும் கசிவு உள்ள தளத்தில், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தொட்டிச்செடிகளைத் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் நேர் மேலே வைத்துக்கொள்ளலாம்.

சுவர்களைப் பற்றியும் ஒரு சொல். மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் இறுதியில்தான் திரும்புகிறது. ஆகவே மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் படும். தெற்குப்பக்கச் சன்ஷேடை மட்டும் நம்பி வடக்கை மொட்டையாக விடுவது நம் அட்சரேகைக்குப் பொருந்தாத பழக்கம். மேற்குச் சுவருக்கோ சன்ஷேடு எவ்வளவு நீண்டாலும் பயனில்லை. மாலைச் சூரியன் அதற்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே செங்குத்தான மறைப்புத்தான் வேண்டும்: மூங்கில் தட்டி, துளைச்சுவர், அல்லது ஒரு வேப்பமரம். புதிதாகக் கட்டுகிறவர்கள், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிக்காட்டிய எலிப்பொறிக் கட்டு முறையைப் பாருங்கள். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால் கல்லும் கால் பங்கு மிஞ்சுகிறது, வெப்பமும் தடைப்படுகிறது.

தரைத்தளத்தான் | மார்ச் 9

நான் வேறொரு குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவன். கூரை குளிர்ந்தால் ஆறு வீட்டுக்குத்தான் நன்மை. பதினெட்டு வீட்டார் ஏன் பணம் தரவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதைப் பேராசை என்று தள்ளிவிடாதீர்கள்.

மின்கணக்காளர் | மார்ச் 9

நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த விடை இது: கூரை 24 வீட்டாருக்கும் பொதுவான சொத்து. கசிவு கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் பாதிப்பு மேல்தளத்தோடு நிற்காது. எனவே கசிவுத்தடுப்பையும் வெள்ளைப் பூச்சையும் பொதுநிதியில் செய்யுங்கள். அதற்குமேல் காப்புப் பலகை போன்றவற்றை மேல்தளத்தார் பாதியும் சங்கம் பாதியும் ஏற்கலாம். விளக்கு, மோட்டார் மாற்றத்தால் பொது மீட்டரில் மிஞ்சும் பணம் எல்லா வீட்டுக்கும் உரியது என்பதால், அதை முதலில் செய்து காட்டினால் கூட்டத்தில் கசப்பு குறையும்.

மாடக்குளத்தார் | மார்ச் 16

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துக்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் வீட்டின் இரண்டு படுக்கையறைகளும் ஒரே அளவு. ஒன்றின் மேலே பாசியைச் சுரண்டிக் கழுவி மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். மற்றதை அப்படியே விட்டேன். தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டேன்.

மதியம் இரண்டரைக்கு, பூசாத ஓட்டின் மேற்பரப்பு 61 டிகிரி காட்டியது, சுண்ணாம்பின்மேல் 44. இரவு எட்டு மணிக்கு உட்பக்கக் கூரை பூசாத அறையில் 40, சுண்ணாம்பு அடித்த அறையில் 36. எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நான் எதுவும் சொல்லாமலேயே என் தாயார் மூன்றாம் நாள் தம் தலையணையைச் சுண்ணாம்பு அடித்த அறைக்கு மாற்றிக்கொண்டார்.

கருவியைக் கூட்டத்துக்கு எடுத்துச் சென்று, எல்லாரையும் மாடிக்கு அழைத்துப்போய், வெறுங்காலோடு இரண்டு பக்கமும் நிற்கச் சொன்னேன். கறுத்த ஓட்டின்மேல் எவரும் பத்து நொடி நிற்கவில்லை. முடிவு இதுதான்: விளக்குகளும் மோட்டார் உணர்வியும் உடனே, ஓட்டின் இடைப்பூச்சைச் சரிசெய்து கசிவை அடைத்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகு, முழுக்கூரைக்கும் சுண்ணாம்பு இந்தக் கோடைக்கே, காப்புப் பணியும் 6 கிலோவாட் சோலாரும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு.

திருச்சி கட்டுமானர் | மார்ச் 16

வரிசை சரியாக இருக்கிறது. காப்புக்கு எக்ஸ்பிஎஸ் என்னும் கெட்டி நுரைப்பலகை போடுவதானால் கசிவுத்தடுப்புக்கு மேலேதான் போடவேண்டும். அதன்மேல் சரிவோடு ஒரு பூச்சும் வெள்ளை ஓடும் வரவேண்டும். உட்பக்கம் ஜிப்சம் கூரை கட்டித்தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அறைக்குள் வெப்பம் குறையும், ஆனால் மேலே தளம் அதே வெயிலில் விரிந்து சுருங்கி வெடித்துக்கொண்டே இருக்கும். கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சோலார்ச் சட்டத்தின் கால்களை எங்கே ஊன்றுவது என்பதை இப்போதே குறித்து வையுங்கள். ஓடு பதித்த பிறகு துளையிட்டால் செய்த வேலை எல்லாம் வீண்.

அடையாறுவாசி | மார்ச் 17

கொசுவலையை யாரும் சொல்லவில்லை. இரவில் சன்னலைத் திறந்தால் வீடு ஆறும் என்று நாம் பேசுகிறோம். ஆனால் மாலை ஆறு மணிக்கே கொசுவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்தி, அந்தப் புகையையும் மூச்சில் இழுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஏசியைப் போடுகிறவர்கள்தான் மிகுதி. எல்லாச் சன்னலுக்கும் வலை அடித்தால் காற்றும் தூய்மையாகும், இரவில் மூன்று மணி நேரமாவது ஏசியை நிறுத்தலாம்.

வாடகைக்கு இருப்பவள் | ஏப்ரல் 2

உரிமையாளரிடம் மாடக்குளத்தார் ஐயாவின் 61, 44 கணக்கைக் காட்டினேன். சுண்ணாம்புக்கு அவர் பணம் தருவதாகவும், கூலியை நான் ஏற்பதாகவும் பேசி முடித்தோம். விசிறிகளையும் இரண்டு மாற்றிவிட்டேன்.

மாடக்குளத்தார் | ஜூன் 21

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஏப்ரல், மே இரு மாதங்களுக்கு என் வீட்டில் சென்ற ஆண்டு 640 யூனிட். இந்த ஆண்டு 470. பொது மீட்டர் 2,400-இலிருந்து 1,510-க்கு இறங்கியிருக்கிறது. மோட்டார் உணர்வி ஒருமுறை பழுதாகி ஓர் இரவு முழுவதும் தொட்டி வழிந்தது. இல்லையென்றால் இன்னும் குறைந்திருக்கும்.

மே மாதத்துப் புழுதிக்காற்றுக்குப் பிறகு சுண்ணாம்பு மங்கிவிட்டது. கருவியை வைத்துப் பார்த்தால் 44 இருந்த இடத்தில் இப்போது 49 காட்டுகிறது. கழுவினால் பூச்சே கரையுமோ என்ற அச்சத்தில் தொடாமல் வைத்திருக்கிறோம். துடைப்பத்தால் தூசியை மட்டும் கூட்டுவதா, மேலே ஒரு பூச்சு கொடுப்பதா என்று திருச்சி ஐயா சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் செய்துவிடுவேன். மூன்றாம் மாடிப் பிள்ளைகள் நாங்களே கூட்டித் தருகிறோம் என்று துடைப்பத்தோடு ஏற்கெனவே ஏறி நிற்கிறார்கள்.

திருச்சி கட்டுமானர் | ஜூன் 21

கூட்டினால் போதும் ஐயா, காலை ஏழு மணிக்குள். கறை பிடித்த இடங்களில் மட்டும் ஒரு பூச்சு கொடுங்கள். பிள்ளைகளைக் கைப்பிடிச்சுவர் ஓரம் போகவிடாதீர்கள். சுண்ணாம்புத் தூசி மூச்சில் ஏறாமல் முகத்துக்குத் துணி கட்டி, கண்ணில் படாமல் கண்ணாடியும் போடச் சொல்லுங்கள்.